இரண்டு பட்டியலிலும் விடுபட்டவர்கள்

கறுப்பினப் பெண்ணியம் பற்றிச் சென்ற இதழில் வந்த அறிமுகக் கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கேள்விகளில் பத்துக்கு இங்கே பதில். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தையும் சினிமாவையும் பாட்டையும் விளம்பரத்தையும் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் மையம்.

'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் காதில் விழுகிறது. ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இந்தச் சொல் எங்கே பிறந்தது, எதைச் சொல்ல வந்தது?
— சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

சொல் பிறந்ததே ஒரு வழக்கைப் பற்றிய கட்டுரையில்தான். அதனால் வழக்கிலிருந்தே வருவோம். செயின்ட் லூயிஸ் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. அந்த ஆண்டில் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் சிலர் உள்ளே வந்தார்கள். 1970களின் மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தது. 'கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்பது விதி. மூப்புப் பட்டியலின் அடியில் இருந்தவர்கள் யார்? முன்பு சேரவே விடப்படாதவர்கள். 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று.

ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976-ல் நீதிமன்றம் என்ன சொன்னது என்று பாருங்கள். பெண் என்பதால் பாகுபாடா? இல்லை, 1964-க்கு முன்பே அங்கே பெண்கள் வேலை பார்த்தார்கள் (அவர்கள் வெள்ளைப் பெண்கள்). இனத்தால் பாகுபாடா? அதற்கு அதே நிறுவனத்தின் மேல் தனி வழக்கு நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு 'கறுப்பினப் பெண்' வகையைச் சட்டம் உண்டாக்க முடியாது. பெண்கள் பட்டியலில் தேடினால் வெள்ளைப் பெண் இருக்கிறார், கறுப்பர் பட்டியலில் தேடினால் ஆண் இருக்கிறார். வழக்குப் போட்டவர்கள் எதிலும் இல்லை.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய, இந்தச் சொல்லைத் தந்த கட்டுரை இதைத்தான் பிரித்துப் போட்டது. பக்கத்தில் இன்னும் இரண்டு வழக்குகளை வைத்தார். ஒன்றில், கறுப்பினப் பெண் எல்லாப் பெண்களுக்கும் பிரதிநிதியாக நிற்க முடியாது என்றது நீதிமன்றம். மற்றொன்றில், கறுப்பின ஆண்களுக்கு அவர் பிரதிநிதியாக முடியாது என்றது. தனி வகையாகவும் நிற்கக் கூடாது, பொது வகைக்குள்ளும் வரக் கூடாது!

அவர் எடுத்த உவமை நாற்சந்தி. நான்கு பக்கமும் வண்டி வரும் இடத்தில் நிற்பவர் அடிபட்டால் எந்த வண்டி இடித்தது என்று எப்போதும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. தமிழில் 'குறுக்குவெட்டு' என்ற சொல் பரவிவிட்டது. ஆனால் அதைக் கேட்டதும் தாவரவியல் வகுப்பில் தண்டைச் சீவிப் பார்த்த 'குறுக்குவெட்டுத் தோற்றம்' அல்லவா நினைவுக்கு வருகிறது? சாலைகள் சந்திக்கும் இடம் என்ற மூலப் பொருள் அதில் இல்லை. தேர்வில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் நாற்சந்தியைச் சேர்த்துவிடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது கூட்டல் கணக்கில். இனக் கஷ்டம் ஒன்று, பெண் கஷ்டம் ஒன்று, ஆக இரண்டு என்று எண்ணுகிறார்கள். மேலே உள்ள வழக்கில் அப்படி இரண்டைக் கூட்டினால் வருவது பூஜ்யம். அதுதான் சிக்கலே. கிரென்ஷாவுக்கு 12 ஆண்டு முன்பே, 1977-ல், பாஸ்டனில் இருந்த கம்பாகீ நதிக் கூட்டமைப்புப் பெண்கள் இதையே 'ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட ஒடுக்குமுறைகள்' என்று அறிக்கையாக எழுதியிருந்தார்கள். கம்பாகீ என்பது தெற்கு கரோலினாவில் ஓடும் ஆறு. உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூன் 2 அன்று, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஹாரியட் டப்மன் வழிகாட்டிய படை, அங்கே ஒரே இரவில் 700-க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்டது.

கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் தன் பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில்தான் எழுதுவாராமே. தமிழில் அதை எப்படிக் காட்டுவது?
— மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

காட்ட முடியாது. நம் எழுத்தில் பெரிசு சின்னது கிடையாது. கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, ஆளைவிட எழுத்தைக் கவனியுங்கள் என்பதற்காகச் சிற்றெழுத்தில் போட்டார் அவர். முதல் முறை பெயர் வரும் இடத்தில் ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எழுத்தின் அளவைச் சுருக்கி அச்சிடும் விளையாட்டு வேண்டாம், அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், கறுப்பரைக் குறிக்கும் 'பிளாக்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியது. நிறத்தை அல்ல, ஒரு மக்களைக் குறிக்கும் சொல் அது என்பது காரணம். தமிழில் அந்த வேலையை 'இனம்' என்ற ஒட்டு செய்கிறது: கறுப்பினத்தவர், கறுப்பினப் பெண். 'நீக்ரோ' என்பதைப் பழைய அமைப்புகளின் பெயரிலும் மேற்கோளிலும் தவிர எங்கும் விடாதீர்கள்.

ஒரு பான்கேக் மாவுப் பொட்டலத்தில் இருந்த படத்தை எடுத்ததற்கு அமெரிக்காவில் அவ்வளவு பேச்சு. சிரித்த முகமாக இருக்கும் ஒரு பாட்டியின் படத்தில் என்ன தப்பு?
— இல்லத்தரசி, திருச்சி

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச்சு முழுவதும். 1889-ல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசஃப் ஊரில் இரண்டு பேர், தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் போதும் என்ற தயார் மாவைச் செய்தார்கள். பொருள் ரெடி, பெயர் இல்லை. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போல ஆடிப் பாடும் மேடை நிகழ்ச்சி அப்போது பிரபலம். அதில் வந்த பாட்டு ஒன்றிலிருந்து 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயரை எடுத்தார்கள். அடுத்து அந்தப் பெயருக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்பவரை அமர்த்தி, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அடுப்படியில் நிறுத்தி, பான்கேக் சுடவும் பழைய தோட்டத்து நாட்களைப் பற்றிக் கதை சொல்லவும் வைத்தார்கள்.

கவனிக்க வேண்டியது, விற்றது மாவு மட்டும் இல்லை. அடிமைமுறை முடிந்து 28 ஆண்டு ஆன பிறகு, 'அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்று சிரித்துச் சொல்லும் ஒரு பெண்ணையும் சேர்த்து விற்றார்கள். இந்த உருவத்துக்குப் பெயர் 'மேமி': பருத்த உடல், தலையில் கட்டிய துணி, எசமானர் குழந்தை மேல் தன் குழந்தையைவிடப் பாசம். 'ஆயா' என்று மொழிபெயர்க்கிறார்கள், அது பாதிதான் பொருந்தும்.

சமூகவியலாளர் பட்ரீசியா ஹில் காலின்ஸ் 1990-ல் இவற்றுக்குக் 'கட்டுப்படுத்தும் பிம்பங்கள்' என்று பெயர் கொடுத்தார். பிம்பம் பொய்யா மெய்யா என்று கேட்பதோடு நிற்காமல், அது என்ன வேலை செய்கிறது என்று கேட்கச் சொன்னார். மேமி செய்யும் வேலை, கூலியை மறைப்பது. பாசத்தில் செய்கிறாள் என்று ஆகிவிட்டால் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எதுவும் பேச்சில் வராது. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுவேலை செய்பவர்களையும் விவசாயக் கூலிகளையும் வெளியே விட்டது. கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் செய்த வேலை அந்த இரண்டும்தான்.

1923-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். வாஷிங்டனில் 'விசுவாசமான மேமிகளுக்கு' சிலை வைக்க அமெரிக்க செனட் மசோதா நிறைவேற்றியது (கீழவையில் அது நகரவில்லை). அதே ஆண்டு சிகாகோவில் நான்சி கிரீன் கார் மோதி இறந்தார். அவர் கல்லறையில் பெயர்க்கல் நடப்பட்டது 2020-ல். பொட்டலத்திலிருந்து படத்தை எடுக்கப்போவதாக நிறுவனம் அறிவித்ததும் அதே 2020-ல்தான்.

கல்லூரிப் பேச்சு மேடையில், அடிமையாகப் பிறந்த அமெரிக்கப் பேச்சாளர் சொஜர்னர் ட்ரூத்தின் 'நான் ஒரு பெண் இல்லையா?' உரையைத் தமிழில் நிகழ்த்தப் போகிறேன். இணையத்தில் இரண்டு மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. எதை எடுப்பது?
— முதுகலை மாணவி, திருநெல்வேலி

கேட்டது நல்லதாயிற்று. பிரபலமான வடிவத்தை எடுத்தால் வேறொருவர் எழுதிய வசனத்தைப் பேசிவிட்டு வருவீர்கள்.

உரை நிகழ்ந்தது 1851 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், பெண்கள் உரிமை மாநாட்டில். ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டத்தில் இருந்த மேரியஸ் ராபின்சன் ஜூன் மாதமே ஒரு அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் உரையை வெளியிட்டார். அதில் 'நான் ஒரு பெண் இல்லையா?' என்ற வரி ஓரிடத்திலும் இல்லை. 12 ஆண்டு கழித்து, 1863-ல், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் கேஜ் நினைவிலிருந்து எழுதிய வடிவத்தில்தான் அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதில் ட்ரூத் தெற்கத்தி அடிமைகளின் கொச்சையில் பேசுகிறார். தனக்குப் பதின்மூன்று பிள்ளைகள் என்கிறார். உண்மையில் ஐந்து. அவர் பிறந்தது வடக்கே நியூயார்க் மாநிலத்தில், டச்சு பேசும் வீட்டில். ஒன்பது வயதுவாக்கில்தான் ஆங்கிலமே கற்றார். தெற்கத்திக் கொச்சை அவர் வாயில் வர வழியே இல்லை.

கேஜ் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆதரவாளர்தான். ஆனால் கறுப்பினப் பெண் என்றால் இப்படித்தான் பேசுவாள் என்ற படம் மனதில் இருந்தது, அந்தப் படத்துக்கு வசனம் எழுதினார். உங்கள் மேடையிலும் இதே ஆபத்து உண்டு: தமிழில் பேச்சுவழக்கு வேண்டும் என்று ஏதாவது ஒரு வட்டாரக் கொச்சையை எடுத்து ஒட்டினால், கேஜ் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். நேரான, எளிய, உறுதியான பேச்சுத்தமிழ் போதும்.

ராபின்சன் வடிவத்தை எடுங்கள், மேடைக்கு அளவாகச் சிறியது. அதில் ஓர் இடம் தமிழுக்கென்றே செய்தது போல இருக்கும். பெண்ணுக்கு ஒரு பைன்ட் அறிவும் ஆணுக்கு ஒரு குவார்ட் அறிவும் என்றால், அவள் தன் சின்னப் பைன்டை நிறைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார். ஒரு குவார்ட் என்பது இரண்டு பைன்ட். 'ஆணுக்குப் படி, பெண்ணுக்கு அரைப்படி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைப்படியை அவள் நிறைத்துக்கொள்ளக் கூடாதா?' என்று போட்டால் கணக்கும் சரி, கேலியும் நிற்கும். பிரபலமான வரியை விட மனமில்லை என்றால் முன்னுரையில் அது எப்படி வந்து ஒட்டியது என்று சொல்லுங்கள். கூட்டம் அதையும் ரசிக்கும்.

பெண்களைக் கேவலப்படுத்தும் ராப் பாட்டை எதிர்த்தால் 'கறுப்பர் கலையை நசுக்குகிறாய்' என்கிறார்கள். ஆதரித்தால் 'பெண்ணியம் எங்கே போச்சு' என்கிறார்கள். எந்தப் பக்கம் நிற்பது?
— ஊடகத் துறை ஊழியர், கோவை

இந்தக் கேள்வி 1990-லேயே நீதிமன்றம் ஏறிவிட்டது. மயாமியைச் சேர்ந்த டூ லைவ் க்ரூ என்ற கறுப்பின ராப் குழு 1989-ல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பெண்ணுடலை வதைப்பதைக் கொண்டாட்டமாகப் பாடும் பாட்டுகள். ஃபுளோரிடாவில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 1990 ஜூனில் அதை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். இரண்டு நாளில் அதை விற்ற கடைக்காரர் கைது. அடுத்து, பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி உள்ள கிளப்பில் பாடிய குழுவினர் கைது. அக்டோபரில் ஜூரி குழுவை விடுவித்தது. ஆபாசத் தீர்ப்பை 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

கிரென்ஷா இதைப் பற்றி 1991-ல் எழுதியதைப் படித்தால், ஏன் 'எந்தப் பக்கம்' என்று கேட்பதே தவறான கேள்வி என்பது புரியும். அரசுத் தரப்பைப் பற்றி: இதே அளவு கொச்சையாகப் பேசிய வெள்ளை நகைச்சுவையாளர்கள் மேல் யாரும் கை வைக்கவில்லை, கறுப்பின இளைஞர்கள் பாடினால் மட்டும் ஆபத்து என்று தோன்றியது. குழுவுக்காகப் பேசியவர்களைப் பற்றி: ஒருவரையொருவர் மட்டம் தட்டி வசைக் கவி பாடுவது கறுப்பின மரபு, இது வெறும் மிகைப்படுத்தல், சிரிப்பு என்று சாட்சி சொன்னார்கள். சரி, அந்தச் சிரிப்பில் அடிவாங்குவது யார்? கறுப்பினப் பெண்கள். வழக்கை நடத்தியவர்களும் அவர்களைக் காப்பாற்ற வரவில்லை, எதிர்த்து வாதாடியவர்களும் அவர்களை எண்ணவில்லை. மறுபடியும் இரண்டு பட்டியலிலும் இல்லை.

பிறகு 2004. அட்லாண்டாவில் ஸ்பெல்மன் என்ற கறுப்பினப் பெண்கள் கல்லூரி. ராப் பாடகர் நெல்லியின் தொண்டு நிறுவனம் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவு முகாம் நடத்த வரத் திட்டமிட்டது. அவருடைய சகோதரிக்கு ரத்தப் புற்றுநோய். அப்போது நெல்லியின் ஒரு வீடியோவில், ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடனட்டையை இழுத்துத் தேய்க்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மாணவிகள் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாருங்கள், வரும்போது அந்த வீடியோவைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள். நிறுவனம் முகாமையே விலக்கிக்கொண்டது. பழி மாணவிகள் மேல் விழுந்தது.

அந்த மாணவிகளில் ஒருவர் மோயா பெய்லி. கறுப்பினப் பெண்கள் மேல் மட்டும் விழும் இந்தக் குறிப்பிட்ட வெறுப்புக்குப் பெயர் இல்லையே என்று பிற்பாடு 'மிசொஜினுவார்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். பெண் வெறுப்பு என்ற கிரேக்க வேர்ச்சொல்லோடு, கறுப்பு என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் 'நுவார்' சேர்ந்தது.

ஸ்பெல்மன் மாணவிகள் செய்த வரிசை அப்படியே பின்பற்றத் தக்கது. தடை கேட்காதீர்கள். போலீசைக் கூப்பிடாதீர்கள். குறிப்பிட்ட காட்சியைச் சொல்லி, பொறுப்பானவரைப் பேச அழையுங்கள்.

பியான்சே பெண்ணியவாதியா, இல்லையா? ஒரே வரியில் சொல்லவும்.
— கல்லூரி மாணவர், சேலம்

ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதே அந்த ஒரு வரி. 2014 மே மாதம் நியூயார்க் மேடை ஒன்றில், இளம்பெண்கள் மேல் அந்தப் பிம்பம் செலுத்தும் தாக்கத்தை முன்வைத்து, அவரில் ஒரு பகுதி 'பயங்கரவாதி' என்றார் பெல் ஹூக்ஸ். கறுப்பினப் பெண்ணியவாதிகளே அதை வரிந்துகட்டி மறுத்தார்கள். அந்தச் சண்டையைப் படியுங்கள், தீர்ப்பைத் தேடாதீர்கள். 2016-ல் வந்த அவருடைய 'லெமனேட்' காட்சி ஆல்பத்தால் உறுதியாக நடந்த நன்மை ஒன்று உண்டு. அதன் பல காட்சிகளுக்கு முன்னோடியான, கறுப்பினப் பெண் இயக்குநர் ஜூலி டாஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' படத்தை ஜனங்கள் தேடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு புதுப்பித்த பிரதி திரைக்கு வந்தது.

கறுத்த நிறமுள்ள நடிகரை வைத்துக் குறும்படம் எடுக்கிறோம். முகம் ஒன்று இருட்டாகிறது, இல்லை சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. கறுப்பினப் பெண் இயக்குநர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?
— உதவி இயக்குநர், சென்னை

முதலில், பிழை முகத்தில் இல்லை. கலர் பிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண். முதலில் போஸ் கொடுத்த கோடக் ஊழியரின் பெயரால் அதை 'ஷெர்லி கார்டு' என்றார்கள். அவர் தோல் சரியாக வந்தால் பிரதி சரி. அடர் பழுப்பு நிறங்களைப் பிலிம் சரியாக வாங்கவில்லை என்று கோடக்கை அசைத்த புகார்களில், சாக்லேட் விளம்பரம் எடுத்தவர்களும் மரச்சாமான் நிறுவனங்களும் கொடுத்தவை முக்கியமானவை. மனிதர்களின் புகாரைவிட மேசை நாற்காலியின் புகாருக்கு மதிப்பு!

ஜூலி டாஷின் படம் 1991-ல் வந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கி அமெரிக்கா முழுவதும் திரையரங்குக்கு வந்த முதல் முழுநீளப் படம் அதுதான். ஒளிப்பதிவாளர் ஆர்தர் ஜாஃபாவும் அவரும் கோடக்கை விட்டு ஆக்ஃபா பிலிமைத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்கு கரோலினாத் தீவுகளின் கடற்கரையில், பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தில் எடுத்தார்கள்.

உங்கள் டிஜிட்டல் கேமராவுக்கு வருவோம். ஆட்டோ எக்ஸ்போஷரை அணையுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா சுவருக்காக அபெர்ச்சரை மூடும், முகம் அடங்கிப்போகும். சுவரை மாற்றுவதுதான் மலிவான தீர்வு: இடைநிலை நிறம், நீலம், பச்சை, மஞ்சள் எது வேண்டுமானாலும். அடுத்த தவறு, முகத்துக்கு நேரே லைட்டைக் கூட்டுவது. கறுத்த தோல் வெளிச்சத்தைப் பிரதிபலித்துத்தான் உருவம் காட்டும். சின்ன எல்இடியை நேரே அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளி விழும், கன்னம் தட்டையாகும். லைட்டைத் திருப்பி, 4 அடிக்கு 4 அடி தெர்மாகோல் அல்லது வெள்ளைத் துணியில் அடித்து, பக்கவாட்டிலிருந்து அந்தப் பெரிய பரப்பு தோலில் தெரியும்படி வையுங்கள்.

மேக்கப்பில் இரண்டு ஷேடு வெளுத்த பவுண்டேஷன் போடுவதுதான் அந்தச் சாம்பலுக்குக் காரணம். மேட் பவுடரையும் குறையுங்கள். சுத்தமான முகத்தில் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் போதும். பளபளப்பு அதிகமானால் பவுடருக்குப் பதில் போலரைசர் ஃபில்டரைப் போட்டு மெல்லத் திருப்புங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). முழுக்கத் திருப்பினால் முகம் களிமண் ஆகிவிடும், பாதியில் நிறுத்துங்கள்.

வெளுத்த நடிகரும் கறுத்த நடிகரும் ஒரே ஃபிரேமில் இருந்தால் இரண்டு ஸ்டாப்புக்கு மேலும் வித்தியாசம் வரலாம். கறுத்தவரை லைட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், வெளுத்தவர் பக்கம் லைட்டை மறைக்கும் கட்டரோ, வலைத்துணியான நெட்டோ போட்டுக் குறையுங்கள். இரண்டு முகத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். கறுப்பு கறுப்பாக, உள்ளே விவரம் தெரியும்படி இருந்தால் போதும். 'பிறகு கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) தூக்கிக்கொள்ளலாம்' என்று விட்டால் நிழலில் இரைச்சல் புள்ளிதான் எழுந்து வரும்.

பத்து ராப் வீடியோக்களில் கறுப்பினப் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணினேன். வழிகாட்டி 'இது போதாது' என்கிறார்.
— இதழியல் ஆய்வு மாணவி, சென்னை

வழிகாட்டி சொல்வது சரி. தலையை எண்ணினால், பின்னால் ஆடும் இருபது பெண்கள் உள்ள வீடியோ 'பெண்களுக்கு அதிக இடம்' தந்ததாகக் கணக்கு வரும்.

வீடியோக்களை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள்: ஓர் ஆண்டின் தரவரிசையில் முதல் பத்து என்பது போல ஒரு விதி வேண்டும். பிடிக்காத பத்தைப் பொறுக்கினால் முடிவு முன்பே தெரிந்துவிடும். வீடியோவை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு கேள்வி போடுங்கள். வாய் அசைத்துப் பேசுகிறாரா, பாடுகிறாரா? முகம் தெரிகிறதா, உடம்பின் துண்டு மட்டுமா? அவர் யாரைப் பார்க்கிறார், கேமராவையா, ஆணையா, இன்னொரு பெண்ணையா? கதையில் அவருக்கு ஒரு செயல் உண்டா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடிமைகள் எசமானரை நிமிர்ந்து பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்த வரலாற்றை வைத்து, 'எதிர்ப் பார்வை' என்ற கருத்தை பெல் ஹூக்ஸ் 1992-ல் கட்டியது அதன் மேல்தான்.

நிறத்தைக் குறிக்கும்போது 'வெளுப்பு, மாநிறம், கறுப்பு' என்று கண் அளவில் போடாதீர்கள். கூகுளோடு சேர்ந்து 2022-ல் வெளியான 10 படிநிலை மங்க் தோல்நிற அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய 6 படி ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் வெயிலில் தோல் எப்படிப் பொசுங்குகிறது என்பதற்காக உருவானது, கறுத்த நிறங்களை ஒன்றாகக் குவித்துவிடும். நாயகிக்கு வெளுத்த நிறமும் பின்னணிக்குக் கறுத்த நிறமும் ஒதுக்கப்படும் பழக்கம் அப்போதுதான் எண்ணாகத் தெரியும்.

இன்னொருவரைத் தனியாக உட்கார வைத்து, இரண்டு மூன்று வீடியோக்களை அதே படிவத்தில் நிரப்பச் சொல்லுங்கள். இருவர் பதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹன் கப்பா என்ற எண்ணைப் போட்டு 0.7-க்குக் கீழே வந்தால், கேள்வியின் வாசகம் குழப்பமாக இருக்கிறது என்று பொருள். கேள்வியைத் திருத்துங்கள், நண்பரைத் திருத்தாதீர்கள். கடைசியாக, இயக்கியவர், எழுதியவர், உரிமை யாருடையது என்ற பகுதி. அந்தப் பத்தி இல்லாத ஆய்வு, திரையில் தெரிந்தவர்களை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு முடியும்.

'கறுப்பினப் பெண்' என்று வரும் இடத்தில் 'தலித் பெண்' என்று போட்டுப் படித்துக்கொள்ளலாமா?
— ஆசிரியர், விழுப்புரம்

உறவு உண்மையானது. 1972-ல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ், பெயரையே 'பிளாக் பேந்தர்ஸ்' என்ற அமெரிக்கக் கறுப்பின அமைப்பிடமிருந்து எடுத்தார்கள். பெண்கள் அமைப்புகளில் சாதியும் தலித் அமைப்புகளில் பெண்ணும் பின்னுக்குப் போகிறார்கள் என்ற குறையோடு தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு 1995-ல் உருவானது. 2001 டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைச் சேர்க்கத் தலித் இயக்கங்கள் போராடின, இந்திய அரசு எதிர்த்தது. மாநாட்டுக்கு முந்தைய நிபுணர் கூட்டத்துக்குப் பின்னணிக் கட்டுரை எழுதியவர் கிரென்ஷா.

ஆனால் சொல்லை மாற்றிப் போட்டுப் படிப்பது வேண்டாம். மேமி உருவம் எசமானர் சமையலறைக்குள்ளே நிற்கிறது. தீண்டாமை சமையலறைக்குள்ளேயே விடாது. வேலை செய்யும் விதம் வேறு என்றால் பிம்பமும் வேறாகத்தான் இருக்கும். கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், பதிலை இங்கிருந்து தேடுங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக் கலைவிழாவுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைப் போலத் தலையோடு ஒட்டின சின்னச் சின்னப் பின்னல் போட ஆசைப்படுகிறாள். 'நாங்களும் நிறம் கறுப்புத்தானே அம்மா' என்கிறாள். போடலாமா?
— ஒரு தாய், டொராண்டோ

அந்தப் பின்னலுக்குக் 'கார்ன்ரோ' என்று பெயர். 1980-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கறுப்பின ஊழியர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். நிறுவன விதி அனுமதிக்கவில்லை. வழக்குப் போட்டார், 1981-ல் தோற்றார். தீர்ப்பில் ஒரு வரி: ஒரு வெள்ளை நடிகை திரைப்படத்தில் போட்டுப் பிரபலப்படுத்தியதற்குச் சற்றுப் பிறகுதான் இவர் இப்படி வந்தார் என்ற வாதத்தை நீதிமன்றம் குறித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பாட்டியும் அம்மாவும் போட்டுவிட்ட பின்னல், நீதிமன்றத்தில் ஒரு நடிகையின் ஃபேஷன் ஆகிவிட்டது. முடியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா முதல் மாநிலமாகச் சட்டம் போட 2019 ஆயிற்று. நாடு முழுவதற்குமான மசோதா 2022-ல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுவிட்டது.

உங்கள் மகளின் நிறம் கறுப்பாக இருக்கலாம். அந்தப் பின்னலுக்காக அவளை யாரும் பள்ளி வாசலில் நிறுத்தப்போவதில்லை. கலைவிழாவில் அவள் கறுப்பினப் பெண் 'வேடம்' போடுகிறாள் என்றால் வேண்டாம், அது அந்தப் பான்கேக் மேடைக்குத்தான் போகும். வெறுமே பிடித்திருக்கிறது, கறுப்பினத் தோழி வீட்டில் கூப்பிட்டுப் போட்டுவிடுகிறார்கள் என்றால் அது வேறு. காசு கொடுத்துப் போடுவதென்றால் கறுப்பினப் பெண்கள் நடத்தும் சலூனுக்குப் போங்கள். பல மணி நேர வேலை, பேரம் பேசாதீர்கள்.

நம் பிள்ளைகளின் நேரான வழுக்கு முடியில் பின்னல் நிற்காது. நிற்க வைப்பதற்காக இறுக்கிப் போடுவார்கள். போட்ட அன்று இரவு தலை விண்விண் என்று வலித்தாலோ, நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் எழுந்தாலோ அன்றே அவிழ்த்துவிடுங்கள். வேரோடு இழுபட்டு முன்நெற்றி முடி உதிரும், நாள்பட்டால் திரும்ப வளராது. ஒன்றும் ஆகாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அவிழ்க்கும் முன் எண்ணெய் தடவி, நுனியிலிருந்து மேலே போக வேண்டும்.